வானொலி, டிவி வினாடி வினாவின் ஆரம்ப நாட்கள்: பரிசுப் பணத்தை யார் கொடுத்தார்கள்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் படிக்கும் பொறியியல் மாணவர். கல்லூரி வளாகத்தில் இருக்கும் சமுதாய வானொலியில் தமிழில் ஒரு வினாடி வினா நடத்த நினைக்கிறார். வானொலியிலும் டிவியிலும் இந்த நிகழ்ச்சிகள் எப்படித் தொடங்கின, அமெரிக்காவில் போட்டியாளருக்கு முன்கூட்டியே விடையைச் சொல்லிக்கொடுத்து ஊரையே ஏமாற்றினார்களாமே, நம் பக்கம் அப்படி எதுவும் வெளிவரவில்லையே, நம்மவர்கள் அவ்வளவு நேர்மையானவர்களா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நேர்மையானவர்கள் இருந்தார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்தக் காலத்தில் நம் வானொலியில் விளம்பரமே கிடையாது. விளம்பரம் இல்லாததால் பரிசுப் பணம் இல்லை. பரிசுப் பணம் இல்லாத இடத்தில் விடையைத் திருட்டுத்தனமாகக் கொடுத்து யாருக்கு என்ன லாபம்? இந்த நிகழ்ச்சிகளின் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே வாருங்கள்: செலவை யார் ஏற்றார்கள்? அமெரிக்காவில் ஒரு மாதிரி, இங்கிலாந்தில் வேறு மாதிரி, மெட்ராஸில் இன்னொரு மாதிரி ஏன் வளர்ந்தது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

அமெரிக்க வானொலியில் 1936ல் 'புரொஃபசர் க்விஸ்' வந்தது. நேரில் வந்தவர்களிடம் கேள்வி கேட்டு, சரியாகச் சொன்னால் சிறு தொகை கொடுத்தார்கள். அது பிடித்துப்போக, அடுத்த சில ஆண்டுகளில் ஏராளமான நிகழ்ச்சிகள் முளைத்தன. நிலையத்துக்கு இது மலிவான சரக்கு. நாடகம் என்றால் எழுத்தாளர், நடிகர்கள், இசைக்குழு எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு நடத்துநரும் ஒரு மைக்கும் போதும், பேசுவதற்குப் பொதுமக்கள் தாங்களாகவே வந்து நிற்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1938 மே மாதம் தொடங்கிய 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்'. டான் கோலன்பால் என்பவர் விஷயத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். படித்தவர்கள் சாமானியர்களிடம் கேள்வி கேட்டது போதும், இனிச் சாமானியர்கள் கேட்கட்டும், படித்தவர்கள் முழிக்கட்டும் என்பது அவர் யோசனை. நேயர்கள் கடிதத்தில் கேள்வி அனுப்புவார்கள். கிளிஃப்டன் ஃபாடிமன் அவற்றைக் கேட்க, பத்திரிகையாளர் ஃபிராங்க்ளின் ஆடம்ஸ், விளையாட்டுச் செய்தி எழுதும் ஜான் கீரன், பியானோ கலைஞர் ஆஸ்கர் லெவன்ட் போன்றவர்கள் பதில் சொல்வார்கள். அறிஞர் குழு தோற்றால் கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் 'டிங்' சத்தம் கேட்கும். கேள்வி அனுப்பியவருக்குச் சில டாலர் போகும். பிற்பாடு பிரிட்டானிகா கலைக்களஞ்சியத் தொகுதியையே பரிசாகக் கொடுத்தார்கள். இந்தக் குழுவின் பேச்சு அவ்வளவு சுவையானது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போய் இன்னொன்றுக்குத் தாவி, நடுவில் கவிதை சொல்லி, பாட்டை முணுமுணுத்து, அரை மணி நேரம் போவதே தெரியாது. பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. உங்கள் நிகழ்ச்சியைத் திட்டமிடும் முன் இரண்டு மூன்றாவது கேட்டுவிடுங்கள்.

1940ல் வந்த 'டேக் இட் ஆர் லீவ் இட்' வேறு ரகம். முதல் கேள்விக்கு ஒரு டாலர், அடுத்ததற்கு இரண்டு, பிறகு நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய் ஏழாவது கேள்வியில் 64 டாலரில் நிற்கும். ஒவ்வொரு படியிலும் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது அதைப் பணயம் வைத்து மேலே ஏறலாம். ஏறுகிறேன் என்று போட்டியாளர் சொன்னதும் அரங்கமே "அப்புறம் வருத்தப்படுவே!" என்று கத்தும். பிற்காலத்துக் கோடீஸ்வர நிகழ்ச்சிகளின் ஏணி முழுக்க இங்கேயே இருக்கிறது, பார்த்தீர்களா? பூஜ்யங்கள்தான் பிறகு கூடின.

இங்கிலாந்தில் பிபிசிக்கு விளம்பரம் கிடையாது. வீட்டுக்கு வீடு வசூலிக்கும் லைசென்ஸ் கட்டணத்தில்தான் ஓட்டம். அதனால் அங்கே பரிசு என்று பெரிதாக எதுவும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் விரும்பவில்லை. 1938 மே 31ல், டிவி வைத்திருந்த வீடுகளே சொற்பமாக இருந்த காலத்தில், எழுத்துக்கூட்டிச் சொல்லும் 'ஸ்பெல்லிங் பீ' போட்டியை பிபிசி டிவியில் காட்டியது. டிவியில் வந்த முதல் போட்டி நிகழ்ச்சி என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1947ல் 'ரவுண்ட் பிரிட்டன் க்விஸ்', 1953ல் 'வாட் டு யூ நோ?' என்று வானொலியில் தொடர்ந்தது. இரண்டாவதுதான் பிறகு 'பிரெயின் ஆஃப் பிரிட்டன்' ஆனது. எல்லாவற்றிலும் கௌரவம்தான் பரிசு. 1972ல் 'மாஸ்டர்மைண்ட்' வந்தபோதும் அதே கதை. கறுப்பு நாற்காலி, முகத்தில் அடிக்கும் வெளிச்சம், இருட்டிலிருந்து வரும் கேள்விகள். அதை உருவாக்கிய பில் ரைட் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாகி விசாரிக்கப்பட்டவர். பெயர், பதவி, எண் என்று அங்கே கேட்டதுதான் இங்கே பெயர், தொழில், சிறப்புப் பாடம் என்று மாறியது.

இந்த இடத்தில் வானொலிக்கும் டிவிக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும், உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். வானொலியில் மௌனம் ஆகாது. போட்டியாளர் பத்து வினாடி பேசாமல் யோசித்தால், நிலையம் நின்றுவிட்டதோ என்று நேயர் குமிழைத் திருகிவிடுவார். அதனால்தான் வானொலி வினாடி வினாவில் மணியோசை, டிக் டிக் சத்தம், நடத்துநரின் இடைப்பேச்சு எல்லாம் வந்தன. டிவியில் நேர் எதிர். அதே பத்து வினாடியில் முகத்தை நெருக்கமாகக் காட்டினால் யாரும் நகரமாட்டார்கள். உதட்டைக் கடிப்பதும் கண்ணை மூடுவதும் வியர்வை வழிவதும் பாட்டு, சண்டைக்காட்சியைவிட நன்றாக ஓடும். டிவியின் ஆரம்ப நாட்களிலேயே இதைப் புரிந்துகொண்டவர்கள் போட்டியாளரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள். சபையிலிருந்து யாரும் விடை சொல்லிவிடக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். எனக்கென்னவோ, தனியாக நிற்கும் ஒரு மனிதனைக் காட்டத்தான் அந்தக் கூண்டு என்று படுகிறது.

சரி, ஏமாற்று வேலைக்கு வருவோம்.

1954ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நேயர்களிடம் பணம் வாங்காமல் பரிசு கொடுக்கும் ஒலிபரப்பு நிகழ்ச்சிகள் லாட்டரி ஆகாது என்பது அதன் சாரம். அதுவரை இருந்த தயக்கம் போனது. மறு ஆண்டே, 1955 ஜூன் 7ல், பழைய 64 டாலர் கேள்வி 'தி 64,000 டாலர் கொஸ்டின்' ஆகி டிவிக்கு வந்தது. செலவை ஏற்றது ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம். கேள்விகள் வங்கிப் பெட்டகத்தில் பூட்டப்பட்டு, காவலர்கள் துணையோடு வங்கி அதிகாரி ஒருவர் மேடைக்குக் கொண்டுவருவார். ஐபிஎம் எந்திரம் ஒன்று கேள்விகளைப் பிரித்து எடுப்பது போலக் காட்டினார்கள். ஜாய்ஸ் பிரதர்ஸ் என்ற உளவியலாளர் குத்துச்சண்டை பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முழுத் தொகையையும் வென்றார். ரெவ்லான் சரக்கு கடைகளில் நிற்காமல் விற்றது.

அதே 1955ல் நம் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டி என்ற பெயரில் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பெரும் தொகை அறிவிக்கும் வியாபாரம் அப்போது கொடிகட்டிப் பறந்தது. தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் 1930களிலிருந்தே இதில் பழக்கம் உண்டு. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது, இரண்டாயிரத்துக்கு மேல் விடைத்தாள் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் கடிவாளம் போட்டது. பெங்களூரிலிருந்து இத்தகைய போட்டிகளை நடத்திய சமர்பாக்வாலா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்குத்தான் இந்தச் சட்டம், திறமைக்கான போட்டியைக் கட்டுப்படுத்தாது என்று 1957ல் தீர்ப்பானது. இது வானொலி வினாடி வினாவைக் குறிவைத்த சட்டம் இல்லைதான். ஆனால் அங்கே கதவு திறந்த அடுத்த ஆண்டே இங்கே அரசாங்கம் பரிசுப் பணம் என்றாலே புருவத்தை உயர்த்தியது என்பதைக் கவனியுங்கள். ஒலிபரப்பு முழுக்க அந்த அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது.

அமெரிக்காவில் 1956 செப்டம்பரில் 'ட்வென்டி ஒன்' தொடங்கியது. இரண்டு கூண்டு, இரண்டு போட்டியாளர், முதலில் 21 புள்ளி எடுப்பவர் வெற்றி. செலவு ஜெரிட்டால் என்ற டானிக் கம்பெனியுடையது. முதல் நிகழ்ச்சியை நேர்மையாகத்தான் நடத்தினார்கள். போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி தடுமாறினார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் காலை டானிக் கம்பெனியிலிருந்து கோபமாகத் தொலைபேசி வந்தது, இனி இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கக் கூடாது என்று. ஏமாற்று அங்கேயிருந்துதான் ஆரம்பம் என்று தயாரிப்பாளர் டான் என்ரைட்டே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற மாணவர் கிடைத்தார். ராணுவத்தில் இருந்து வந்து கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், உண்மையிலேயே அபார ஞாபகசக்தி உள்ளவர். அவருக்குக் கேள்வியும் விடையும் முன்கூட்டியே கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. தொளதொளவென்ற பழைய கோட்டு, ஒட்ட வெட்டிய தலைமுடி, மைக்கில் கேட்கும்படி டிக் டிக் என்று அடிக்கும் மலிவான கைக்கடிகாரம் என்று அவரை ஏழை மாணவனாக ஒப்பனை செய்தார்கள். கூண்டுக்குள் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள், வியர்க்கட்டும் என்று. அந்த வியர்வையைத் துடைக்கக் கூடாது, கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும் என்று பயிற்சி வேறு. எந்தக் கேள்வியில் எத்தனை வினாடி தயங்குவது என்பதுகூட எழுதி வைத்ததுதான்.

ஸ்டெம்பெல் சலித்துப்போனதும் அவர் இடத்துக்குச் சார்லஸ் வான் டோரனைக் கொண்டுவந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், அப்பா புகழ்பெற்ற கவிஞர், பார்க்க லட்சணமானவர். 1956 டிசம்பர் 5ல் ஸ்டெம்பெல் தோற்க வேண்டும் என்று உத்தரவு. 1955ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது எதற்கு என்பது கேள்வி. விடை 'மார்ட்டி'. அது ஸ்டெம்பெலுக்கு மிகவும் பிடித்த படம், மூன்று முறை பார்த்தவர். தெரிந்த விடையைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு வேறு படத்தின் பெயரைச் சொல்லித் தோற்றார். அவர் மனம் ஆறவே இல்லை. வான் டோரன் 14 வாரங்கள் நின்று 1,29,000 டாலர் ஜெயித்தார். 'டைம்' அட்டைப்படத்தில் வந்தார்.

1958 ஆகஸ்டில் 'டாட்டோ' என்ற வேறொரு நிகழ்ச்சியில் உடைந்தது. காத்திருந்த போட்டியாளர் ஒருவர், இன்னொருவரின் நோட்டுப் புத்தகத்தில் அன்றைய விடைகள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு ஸ்டெம்பெலின் புகாரையும் கேட்க ஆள் வந்தது. ஆனாலும் சாட்சி இல்லையே? இருந்தது. ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற ஓவியர், நிகழ்ச்சிக்கு முன்பே தனக்குக் கொடுத்த கேள்வி விடைகளை எழுதி, தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். பிரிக்காத அந்தக் கவர்களை நாடாளுமன்றக் குழுவின் முன் வைத்தார். தபால் முத்திரைத் தேதி நிகழ்ச்சித் தேதிக்கு முந்தையது. அஞ்சலகத்துக்குக் கொடுத்த சில காசுகளில் ஒருவர் இப்படி ஒரு மறுக்க முடியாத சாட்சியத்தை உண்டாக்கினாரே என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். 1959 நவம்பர் 2ல் வான் டோரன் குழுவின் முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வேலை போனது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், அன்றைய சட்டப்படி வினாடி வினாவில் விடை சொல்லிக்கொடுப்பது குற்றமே இல்லை. ஒப்புக்கொள்வதற்கு முன் நடந்த விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்குத்தான் வான் டோரன் உள்படப் பலர் மீது வழக்கு வந்தது. 1960ல்தான் சட்டத்தைத் திருத்தி அதைக் குற்றமாக்கினார்கள். அதைவிட முக்கியமாக, ஒரே கம்பெனி ஒரு நிகழ்ச்சியை முழுதாக வாங்கி ஆட்டிவைக்கும் முறை அங்கே தளர்ந்தது. நிகழ்ச்சியின் பிடியை ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டன.

இப்போது நம்ம ஊர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ல் எழும்பூரில் தொடங்கியது. பிறகு கடற்கரைச் சாலைக் கட்டடத்துக்கு மாறியது. ஆரம்பத்திலிருந்தே அரசு செலவு. ரேடியோ வைத்திருப்பவர் அப்போது தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. விளம்பர ஒலிபரப்பு 1967ல்தான் பம்பாயில் தொடங்கி, மெட்ராஸுக்கு 1969ல் வந்தது. அதுவரை பொருளை விற்க நினைத்த இந்தியக் கம்பெனிகள் கடல் தாண்டி இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக்குப் போயின. நம் வீடுகளில் முள் எப்போதும் இலங்கை நிலையத்தில் நின்றதற்குச் சினிமாப் பாட்டு ஒரு காரணம் என்றால், கலகலப்பான போட்டி நிகழ்ச்சிகளும் காரணம்தான். பி.எச்.அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' அங்கே பிறந்து, பிறகு தமிழ் டிவிக்கும் வந்தது. பாட்டின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கச் சொல்லும் விளையாட்டை இப்போதும் கல்யாண வீட்டு வேன்களில் ஆடுகிறோமே.

சென்னை வானொலியில் வினாடி வினா என்றால் பெரும்பாலும் சிறுவர்களுக்கும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும்தான். நான் திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போயிருக்கிறேன். இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போனால் சொந்த மூச்சு காதில் கேட்கும் அமைதி. மேசையில் துணி விரித்திருப்பார்கள், காகிதம் உரசினால் மைக்கில் சரசரக்கும் என்று. பெண் பிள்ளைகளிடம் கண்ணாடி வளையலைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையை உயர்த்துவார், சிவப்பு விளக்கு எரியும், அதுவரை வாயாடிய பையன் தன் பெயரைச் சொல்லவே திக்குவான். பரிசு என்ன தெரியுமா? புத்தகம். அந்தப் புத்தகத்தை நடுக்கூடத்து அலமாரியில் வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். ஒலிபரப்பாகும் நாளில் தெருவே ரேடியோ முன் உட்காரும். 'நம்ம பையன் பேசறான்' என்ற ஒன்றை எந்தப் பணமுடிப்பும் கொடுத்திருக்க முடியாது.

வானொலியில் கையைத் தூக்கி முந்துவது வேலைக்காகாது, கேட்பவருக்குக் கை தெரியாதே. அதனால் வரிசையாகத்தான் கேள்வி. ஒரு அணிக்குத் தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு 'பாஸ்'. இதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது: பலவீனமான அணிக்கு அடுத்து உட்காருபவருக்குப் பாஸ் கேள்விகளாகக் கொட்டும். பிற்பாடு வந்த கல்லூரி வினாடி வினாக்களில் 'பவுன்ஸ்' முறையைக் கொண்டுவந்து, கடைசியாகப் பதில் சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்து புதுக் கேள்வியை ஆரம்பித்து இதைச் சரிசெய்தார்கள். மேடையில் நடத்தும்போது பஸ்ஸர் வந்தது. மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் நான்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), நான்கு காலிங்பெல் சுவிட்ச், நான்கு பல்பு வாங்கிவந்து எங்கள் ஆய்வகத்திலேயே செய்தோம். முதலில் அழுத்தியவரின் ரிலே இழுத்துக்கொண்டதும் மற்ற மூவருக்கும் போகும் மின்சாரம் அறுந்துவிடும். நடத்துநர் ரீசெட் அழுத்தும்வரை அந்த ஒரு பல்புதான் எரியும். 'நான்தான் சார் முதல்ல' என்ற சண்டை அன்றோடு ஒழிந்தது.

விளம்பரம் வந்த பிறகு என்ன ஆயிற்று? 1972ல் போர்ன்விட்டா வினாடி வினா தொடங்கியது. முதலில் ஹமீத் சயானி, அவர் 1975ல் மறைந்தபின் தம்பி அமீன் சயானி. செலவு ஒரு பானக் கம்பெனியுடையது. ஆனாலும் நிகழ்ச்சி பள்ளிக்கூடத்து மரியாதையை விடவில்லை. பார்க்கப்போனால் அது நம் அதிர்ஷ்டம். கம்பெனிக்கு வேண்டியது பெற்றோரின் நல்லெண்ணம், பிள்ளைகளைக் கூண்டில் அடைத்து வியர்க்கவைத்தால் எந்த அம்மா அந்த டப்பாவை வாங்குவார்?

டிவி நமக்குத் தாமதமாகத்தான் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. சாலிடேர், டயனோரா பெட்டி இருந்த வீட்டின் கூடத்தில் அக்கம்பக்கமெல்லாம் உட்கார்ந்து பார்த்த காலம் அது. 1985ல் சித்தார்த்த பாசு நடத்திய 'க்விஸ் டைம்' தேசிய ஒளிபரப்பில் வந்ததும் கல்லூரிகளில் ஒரு காய்ச்சலே பிடித்தது. நிதானமான குரல், கூர்மையான கேள்வி, அலட்டல் இல்லாத அரங்கம். என் மாணவர்கள் பொது அறிவு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தது அந்த நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. போர்ன்விட்டாவும் ஆங்கிலம்தான். கல்லூரி விழாக்களிலும் ஆங்கிலம்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளை, பதில் தெரிந்திருந்தும் கேள்வி புரிவதற்குள் அடுத்த அணிக்குப் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு போட்டியில் என் மாணவன் சரியான விடையைத் தமிழில் சொல்லியும் புள்ளி மறுத்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. சென்னை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிகள் இந்த அநியாயத்தைச் செய்யவே இல்லை.

தமிழில் பெரிய அளவில் டிவி வினாடி வினா வந்தது 2000க்குப் பிறகுதான். இங்கிலாந்தில் 1998ல் தொடங்கிய மில்லியனர் நிகழ்ச்சி, 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்த இந்திக்கு வந்தது. அதைத் தொடர்ந்து சன் டிவியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்'. இங்கே செலவை ஏற்றது யார் என்று பார்த்தால் ஒரு புதுமை இருக்கிறது. இங்கிலாந்து நிகழ்ச்சியில் கலந்துகொள்ள விரும்பியவர்கள் கூடுதல் கட்டணத் தொலைபேசி எண்ணில் அழைக்க வேண்டும். பரிசுப் பணத்தில் பெரும்பங்கு அந்த அழைப்புகளிலிருந்தே வந்தது. அதாவது தோற்றவர்கள் கொடுத்த பணத்தை ஜெயித்தவர் வாங்கினார். நம் அஞ்சல்துறையும் இதே மாதிரி ஒன்றைப் புரிந்துகொண்டது. தூர்தர்ஷனில் 'சுரபி' நிகழ்ச்சியின் கேள்விக்குச் சாதாரணக் கார்டில் லட்சக்கணக்கில் விடைகள் குவிய, போட்டிகளுக்கென்றே தனியாக அதிக விலையில் ஒரு தபால் அட்டை வந்தது. 

உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறேன். நாட்டிலேயே முதல் வளாக சமுதாய வானொலி 2004ல் நம் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது, அந்த வழியில் வருகிறீர்கள். ஸ்பான்சரைத் தேடி அலையாதீர்கள். ஐந்தாயிரம் ரூபாய் பரிசு வைத்தால் அன்றே கேள்வித்தாள் யார் கையில் இருந்தது என்ற பேச்சு வரும், புத்தகம் போதும். 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்' போல மூன்று பேராசிரியர்களை உட்காரவைத்து, வளாகத்தைச் சுற்றியுள்ள மக்களிடம் கேள்வி வாங்குங்கள். கோட்டூர்புரத்துத் தையல்காரரும் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவும் தங்கள் தொழிலிலிருந்து கேட்டால் பேராசிரியர்கள் திணறுவதை எல்லோரும் ரசிப்பார்கள், பேராசிரியர்களும் சேர்த்து.

கேள்வியை ஒரே மூச்சில் வாசிக்கும் நீளத்தில் எழுதுங்கள். எதைக் கேட்கிறீர்கள் என்பது கடைசிச் சொல்லில் வரட்டும், தமிழ் வாக்கியம் அதற்கு வசதியானது. கேட்டமாத்திரத்தில் இரண்டு பொருள் தரும் சொற்களைத் தவிருங்கள், எழுத்தைப் பார்த்துத் தெளிவாக நேயருக்கு வழி இல்லை. ஒவ்வொரு அணிக்கும் வேறு வேறு ஒலியைக் கொடுங்கள்: ஒன்றுக்கு மணி, ஒன்றுக்கு விசில், ஒன்றுக்குத் தாளம். யார் அழுத்தியது என்று நீங்கள் சொல்லும் முன்பே கேட்பவருக்குத் தெரிந்துவிடும். யோசிக்கும் நேரத்தை எட்டு வினாடிக்கு மேல் விடாதீர்கள்.

கேள்விகளை எழுதுபவர் எந்த அணிக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது. அவர் யார் என்பதை நிகழ்ச்சியிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு விடையையும் இரண்டு நல்ல புத்தகங்களில் சரிபார்த்து, பக்க எண்ணைக் கேள்விக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள், நேயர் மறுத்துக் கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம். முதல் இரண்டு நிகழ்ச்சிகளின் அறிவியல் கேள்விகளை ஒலிப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். இலக்கியத்துக்குத் தமிழாசிரியர் ஒருவரை இப்போதே பிடித்துவையுங்கள், செமஸ்டர் தேர்வு வந்துவிட்டால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.